லேசர் கண் சிகிச்சை: அளந்து பார்க்கிறவளிடம் கேட்டவை

நான் ஒரு கண் மருத்துவமனையின் லேசர் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்ட். சிகிச்சை செய்வது டாக்டர். செய்யலாமா கூடாதா என்பதற்கான அளவுகளை எடுப்பது நான். அதனால் பதில்களில் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர், 26 வயது, பவர் மைனஸ் 7: அக்கா, ஒரு மருத்துவமனையில் கருவிழி மெலிசு, லேசிக் வேண்டாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் தாராளமாகச் செய்யலாம், சலுகை இந்த மாதம் வரைதான் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் 478 மைக்ரான் என்று இருக்கிறது. யாரை நம்புவது?

வேண்டாம் என்றவர்களை நம்புங்கள் தம்பி. ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லேசிக் என்பது கண்ணின் முன்னால் தெளிந்த சுவர் போலிருக்கும் கருவிழியின் வளைவை லேசரால் மாற்றி, கண்ணாடி பவரைப் போக்குவது. முதலில் கருவிழியின் மேல்பகுதியில் ஒரு மெல்லிய மடலைத் திறப்பார்கள். அதற்கு ஏறக்குறைய 110 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பிறகு அதன் அடியில் லேசர் சீவும். ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் என்று வைத்தால் உங்கள் 7-க்கு 105. இரண்டையும் 478-ல் கழித்தால் மிச்சம் 263. மடலைத் திரும்ப மூடிவிட்டாலும் அது கருவிழிக்குப் பெரிதாகப் பலம் சேர்க்காது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்கப்போவது அந்த 263-தான்.

250-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய வரம்பு. அதைத் தாண்டவில்லை என்பதால் இரண்டாவது இடத்தில் சரி என்றிருப்பார்கள். ஆனால் இன்று பல டாக்டர்கள் 300 வரை மிச்சம் இருந்தால்தான் நிம்மதியாகச் செய்கிறார்கள். சுவர் மெலிந்துபோனால் சில மாதங்களிலோ, பல வருடங்கள் கழித்தோ கருவிழி கூம்பாக முன்னால் தள்ளலாம். எக்டேசியா என்பது அதுதான். வந்துவிட்டால் கண்ணாடி போட்டும் தெளிவு கிடைக்காது. கடின கான்டாக்ட் லென்ஸ், கருவிழியை இறுக்கும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லோரும் தடிமன் எண்ணைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் முதலில் பார்ப்பது டோபோகிராபி படத்தை. கருவிழியின் வளைவை நிறங்களில் காட்டும் படம் அது. கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பு ஏறியிருந்தால், தடிமன் 550 இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம். கருவிழி தானாகவே மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை உண்டா என்று துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா? சாதாரண மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் கழற்றி வைத்த பிறகே அளக்க வேண்டும். முந்தின நாள் வரை போட்டுவிட்டு வந்தால் வளைவு தப்பாகக் காட்டும்.

உங்கள் பவருக்கு ஐ.சி.எல். பற்றிக் கேட்டுப் பாருங்கள். கருவிழியைச் சீவாமல், கண்ணுக்குள் நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு செயற்கை லென்ஸ் வைப்பது. செலவு கூடுதல், உள்ளே இடம் போதுமா என்று தனியாக அளக்கவும் வேண்டும். மாதக் கடைசிச் சலுகையெல்லாம் துணிக்கடைக்குச் சரி.

நாமக்கல், ஒரு அம்மா: மகளுக்கு 19 முடிந்துவிட்டது. ஜாதகம் எடுத்திருக்கிறோம். அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். போன வருடம் மைனஸ் 3, இப்போது 3.75.

18 முடிந்தால் போதும் என்பது பாதி விதி. பவர் ஒரு வருடமாவது பெரிய மாற்றமில்லாமல் நிற்க வேண்டும் என்பது மீதி. ஒரே வருடத்தில் 0.75 ஏறியிருக்கிறது. இப்போது செய்தால் இன்றைய பவர் போகும், நாளை ஏறப்போகும் பவர் எங்கே போகும்? அடுத்த வருடம் மறுபடி அளந்து பாருங்கள். திருமணம் முடிந்து கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அப்போதும் தள்ளிப்போட வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கண்ணை உலர்த்தும்.

கண்ணாடி கழன்றாலும் கிட்டப்பார்வை பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்வதா என்பது என் மெஷினில் அளக்க முடியாத சங்கதி.

கோவை: நடுவில் கண்ணை ஆட்டிவிட்டால்? தும்மல் வந்தால்? இந்தப் பயத்திலேயே இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.

அநேகமாக எல்லோரும் கேட்பது இது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், இமைகளை ஒரு கிளிப் பிடித்திருக்கும், எனவே இமைக்க முடியாது. கண் அசைந்தால் அதைப் பின்தொடரும் டிராக்கர் கருவி கூடவே நகரும், ரொம்ப அசைந்தால் லேசர் தானாக நின்றுவிடும். தும்மல் வருவது போலிருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், நிறுத்துவார்கள்.

உண்மையில் பதற வைப்பது வேறு. மடல் எடுக்கும்போது ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும். அழுத்தம் தெரியும், சில விநாடிகள் பார்வை மங்கி இருட்டிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பார்வை போய்விட்டது என்றே நினைத்துவிடுவார்கள். அப்புறம் லேசர் ஓடும்போது முடி கருகுகிற வாடை வரும். கண் எரியவில்லை. அது 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்; திசுவின் மூலக்கூறுப் பிணைப்பை உடைத்து ஆவியாக்கிவிடும், பக்கத்தில் சூடு பரவாது. இந்த வித்தையைக் கண்டறிந்த ஐ.பி.எம். விஞ்ஞானிகள் மூவரில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981-ல் விருந்தில் மீந்த வான்கோழியைக் கொண்டுவந்துதான் அவர் சோதித்துப் பார்த்தார்!

வீட்டுக்குப் போனதும் சில மணி நேரம் எரியும், நீர் கொட்டும். தூங்கிவிடுவது உத்தமம். கசக்கக் கூடாது, கசக்கினால் மடல் நகரும்.

ஒரு கபடி ஆட்டக்காரர்: எனக்கு எது பொருந்தும்?

முகத்தில் அடிபடும் ஆட்டம் என்றால் மடல் இல்லாத முறைதான் நல்லது. ஸ்மைல் முறையில் மூன்று மில்லிமீட்டர் போலச் சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய திசுவை எடுப்பார்கள். பி.ஆர்.கே.-யில் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர். பின்னதில் மூன்று நாள் நல்ல வலி, நாலைந்து நாள் பாதுகாப்பு லென்ஸ், பார்வை தெளியச் சில வாரங்கள். பலருக்கு அந்த மூன்று நாள் பிடிப்பதில்லை. ஆனால் பழசு என்று ஒதுக்க வேண்டிய முறையல்ல.

இரவு வேன் ஓட்டுகிறேன் மேடம். எதிர் வண்டி விளக்கு சிதறும் என்கிறார்களே?

சிதறலாம். விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பங்கேற்ற ஓர் ஆய்வில், முன்பு இந்தத் தொல்லை இல்லாதவர்களிலும் 40 சதவீதத்துக்கு மேல் மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒரு புதுத் தொல்லை சொன்னார்கள். அதனால் அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். உங்கள் பிழைப்பு இரவில் என்பதால் இருட்டில் உங்கள் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். முதல் சில வாரம் பகல் ஓட்டம் மட்டும் எடுங்கள்.

கண் உலர்வும் சகஜம். கருவிழி நரம்புகள் அறுபடுவதால் வருவது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் குறையும். ஏசிக் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

41 வயது: இனிக் கண்ணாடியே வேண்டாம்தானே?

வேண்டியிருக்கும். இன்னும் சில வருடத்தில் பேப்பர் படிக்க. இப்போது மைனஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் படிக்கிறீர்களே, அந்த வசதியும் போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒன்றைக் கிட்டத்துக்கும் வைக்கலாம். முதலில் கான்டாக்ட் லென்ஸில் அப்படிப் போட்டுப் பழகிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒத்துவராது.

இன்ஷூரன்ஸ் வருமா? ரயில்வே வேலைக்கு?

மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 7.5-க்குக் குறைந்த பவரைச் சரிசெய்யும் செலவு விலக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் என்றால் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். ராணுவம், கடற்படை, விமானப்படைக்குத் தனித்தனி விதிகள். விண்ணப்பிக்கும் முன் படியுங்கள், செய்த பிறகு படித்துப் பயனில்லை.

அம்மாவுக்குக் கண்புரை. லேசரில் எடுப்பார்களா?

பெரும்பாலும் அது ஃபேகோ, ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சுவது. நாம் இங்கே பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எட்டு வருடம் முன்பு மைனஸ் 9-க்குச் செய்தேன். கண் அருமை. நேற்று முதல் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது, கரும்புள்ளிகள் மிதக்கின்றன. சொட்டு மருந்து ஏதாவது?

சொட்டு மருந்து வேண்டாம், இன்றைக்கே போய் விழித்திரையைக் காட்டுங்கள். லேசிக் கருவிழியின் வளைவை மட்டும்தான் மாற்றியது. உங்கள் கண் இன்னும் மைனஸ் 9-க்கு நீண்ட கண்தான், அதன் பின்புறம் விழித்திரை இழுபட்டு மெலிந்தே இருக்கும். கிழிசல் மட்டும் என்றால் லேசர் சுட்டு அடைத்துவிடலாம். திரை விழுவது போல ஒரு பக்கம் மறைந்தால் விழித்திரை பிரிகிறது, அப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை மங்கும், நீங்கள் வண்டி ஓட்டாமல் கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

பழைய லேசிக் ஃபைலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த பவர் எவ்வளவு என்று இன்றைக்கே கேட்பார்கள். கருவிழி மெலிந்திருப்பதால், கண் அழுத்தம் பார்க்கும்போது மெஷின் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்; அப்போதும் ஃபைல் தேவை. பின்னாளில் புரை வந்து லென்ஸ் பவர் கணக்கிடும்போதும் அதைத்தான் தேடுவார்கள்.