பக்கத்துப் பண்ணைக்கு வந்த வறட்சி உதவி எங்களுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: டெக்சாஸின் ஊர்ப்புறக் கவுன்ட்டி ஒன்றில் 30 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கி, விற்பனைக்காக 60 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். இந்தக் கோடையில் புல் கருகிவிட்டது. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நான்கு ஆடுகள் இறந்துவிட்டன. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அரசின் வறட்சி உதவி கிடைத்திருக்கிறது. வேளாண் நிலத்துக்கான வரிச்சலுகை பெற்றும் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லையே?

பதில்: நீங்கள் பெறும் வரிச்சலுகை கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் தருவது. பேரிடர் உதவியைத் தருவது மத்திய வேளாண் துறையைச் சேர்ந்த எஃப்எஸ்ஏ அலுவலகம். முன்னதில் பதிந்திருப்பதால் பின்னதில் உங்கள் பெயர் ஏறிவிடாது. எனவே நிலப் பத்திரத்துடன் உங்கள் கவுன்ட்டிக்குரிய எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குச் சென்று பண்ணை எண் பெறுவதும், மேய்ச்சல் பரப்பை அறிக்கையாகப் பதிவதும்தான் முதல் வேலை. விசாவில் இருப்பவர்கள் தங்களுக்குத் தகுதி உண்டா என்பதை அங்கேயே முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இத்திட்டங்கள் அடிப்படையில் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கானவை.

உங்கள் அண்டை வீட்டாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எல்எஃப்பி எனப்படும் மேய்ச்சல் தீவனத் திட்டத்தின் தொகையாக இருக்கும். இதில் உங்கள் புல் எவ்வளவு கருகியது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. வியாழன்தோறும் வெளியாகும் அமெரிக்க வறட்சி வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தின்போது உங்கள் கவுன்ட்டியின் ஏதாவது ஒரு பகுதி எந்த நிலையை எட்டியது என்பதே அளவுகோல். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, டி2 என்னும் கடும் வறட்சி தொடர்ந்து நான்கு வாரம் நீடித்தால் ஒரு மாதத் தொகையும், எட்டு வாரத்தில் ஏழு வாரம் இருந்தால் இரண்டு மாதத் தொகையும் உண்டு. அதைவிடத் தீவிரமான டி3 நிலையை ஒரு முறை தொட்டாலே மூன்று மாதத் தொகை. உச்ச நிலையான டி4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து மாதத் தொகை.

தொகையைக் கணக்கிடும் முறையில்தான் சிறு பண்ணைக்காரர்கள் ஏமாற்றமடைகிறார்கள். ஆடுகளின் தீவனச் செலவு ஒரு கணக்கு, நிலம் தாங்கக்கூடிய கால்நடை அளவு மற்றொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதமே மாதத் தொகை. நான்கு ஆடுகள் ஒரு மாட்டுக்கு இணையாகக் கொள்ளப்படும். உங்கள் கவுன்ட்டியில் ஒரு மாட்டுக்குப் பத்து ஏக்கர் என்று வரையறுத்திருப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் 30 ஏக்கர் மூன்று மாடுகளை, அதாவது 12 ஆடுகளை மட்டுமே தாங்கும்; மீதி 48 ஆடுகள் கணக்கில் ஏறா. குத்தகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலம் இருந்தால் அதன் ஒப்பந்தத்தையும் மறவாமல் காட்டுங்கள். வறட்சி தகுதிநிலையை எட்டிய நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் ஆடுகள் உங்கள் வசம் இருந்தமைக்கு வாங்கிய ரசீது, தடுப்பூசிச் சீட்டு போன்ற சான்றுகளும் தேவை. விண்ணப்பத்துக்கு அடுத்த ஆண்டு மார்ச் தொடக்கம் வரை அவகாசம் இருந்தாலும், பரப்பு அறிக்கைக்குத் தனிக் கெடு உண்டு என்பதால் காத்திருக்க வேண்டாம்.

இறந்த ஆடுகளுக்கு எல்ஐபி என்ற வேறொரு திட்டம் உள்ளது. ஆனால் வறட்சியால் இறந்தன என்று மட்டும் எழுதினால் அநேகமாக நிராகரிக்கப்படும், ஏனெனில் சில விதிவிலக்குகள் தவிர வறட்சி அதன் பட்டியலில் இல்லை. கடும் வெப்பம் இருக்கிறது. கால்நடை மருத்துவர் அதைக் காரணமாகச் சான்றளித்தால், வழக்கமாக நிகழும் இறப்பு விகிதத்தைக் கழித்து, எஞ்சியவற்றுக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் கிடைக்கும். 60 ஆடுகளில் நான்கு என்பது அந்தக் கழிவிலேயே பெரும்பாலும் கரைந்துவிடலாம். ஆகவே இதற்காக அதிகம் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கவுன்ட்டி டி3 நிலையை எட்டியிருந்தால் அச்செலவுக்கு ஈலாப் என்ற திட்டத்தில் இடமுண்டு. ரசீதுகளையும் நாள்வாரிக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

கைக்கு வரும் தொகை வரிக்கு உட்பட்டது. ஆண்டு முடிந்ததும் 1099-ஜி படிவம் வரும். அதைப் பண்ணை வருமானத்துக்குரிய ஷெட்யூல் எஃப் படிவத்தில் காட்ட வேண்டும்.