ஆணுறை இருந்தால் எரிச்சல் இல்லை, ஆனால் குழந்தை?

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. உறவு முடிந்த பத்தே நிமிடத்தில் பிறப்புறுப்பில் மிளகாய் பட்டதுபோல் எரிகிறது, வீங்கியும் விடுகிறது. அடங்க மறுநாள் ஆகிவிடும். போன மாதம் தொடையில் விந்து பட்ட இடம்கூடத் தடித்துச் சிவந்தது. பூஞ்சைத் தொற்று என்று மூன்று முறை மருந்து கொடுத்தார்கள். பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. ஆணுறை பயன்படுத்திய நாட்களில் ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்கள் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். விந்துக்கு அலர்ஜி என்று ஒன்று உண்டா டாக்டர்? என் உடம்பு அவருடைய விந்தணுக்களைக் கொன்றுவிடுகிறதா? எல்லாம் தன்னால்தான் என்று அவர் வேறு பத்தியம் இருக்க ஆரம்பித்துவிட்டார்.

- பெயர் வேண்டாம்

பதில்: உண்டு. மருத்துவ உலகில் இது 1958-லேயே பதிவாகியிருக்கிறது. ஆனாலும் எரிச்சல் என்று ஒரு பெண் வந்தால் எங்களுக்குக் கை முதலில் பூஞ்சை மருந்துக்குத்தான் போகும். நானும் அப்படி எழுதிக் கொடுத்தவள்தான். "ஆணுறை போட்டால் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்களுக்கு மூன்று சுற்று மருந்து மிச்சமாகியிருக்கும்.

உங்கள் உடம்பு விந்தணுக்களோடு சண்டை போடவில்லை. அவை நீந்திவரும் திரவத்தில் உள்ள புரதத்தோடுதான் அதற்குப் பகை. பெரும்பாலும் அது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. வயதான ஆண்களுக்கு ரத்தத்தில் பிஎஸ்ஏ என்று பார்ப்பார்களே, அதேதான். எல்லா ஆண்களிடமும் இருப்பது, உங்கள் கணவரிடம் தனிக் கோளாறு எதுவும் இல்லை. (நாய் பக்கத்தில் வந்தால் உங்களுக்குத் தும்மல் வருமா? ஆண் நாயின் புராஸ்டேட் புரதம் ஒன்று இதைப் போலவே இருப்பதால், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாது. டாக்டரிடம் சொல்லுங்கள்.) இந்த அலர்ஜியால் மட்டும் மலட்டுத்தன்மை வருவதில்லை. கருத்தரித்துவிட்டால் குழந்தைக்கும் இதனால் ஆபத்து இல்லை.

முதலில் ஒரு அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். கணவரின் விந்தைச் சோதித்து, அதிலிருந்து எடுத்த திரவத்தைத் தோலில் வைத்துப் பார்ப்பார்கள். எரிச்சல் ஓரிடத்தோடு நிற்கிறவர்களுக்கு இந்தச் சோதனை சில சமயம் ஒன்றும் காட்டாது. அதனால் 'அலர்ஜியே இல்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அப்புறம் குழந்தை விஷயம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உடம்பைப் பழக்குவது. விந்துத் திரவத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதுபோல மிக நீர்க்கச் செய்து பிறப்புறுப்புக்குள் வைப்பார்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அவசர மருந்துகளோடு மருத்துவமனையில் செய்ய வேண்டியது இது. வீட்டில் நீங்களே கலக்கிப் பார்க்கவே கூடாது. பலன் கிடைத்தால் அதைத் தக்கவைக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தாக வேண்டும். இடைவெளி விட்டால் பழையபடி ஆகிவிடலாம். என்னிடம் வந்த ஒரு தம்பதி முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டே மாதத்தில், "டாக்டர், மாத்திரை மாதிரி வேளை தவறாமல் முடியவில்லை" என்று வந்து நின்றார்கள்.

அவர்கள் பிறகு போன வழிதான் இரண்டாவது: ஐயூஐ. ஆய்வகத்தில் திரவத்தைக் கழுவி நீக்கிவிட்டு, விந்தணுக்களை மட்டும் பிரித்து, கருமுட்டை வெளிவரும் சமயத்தில் கருப்பைக்குள் செலுத்துவது. உங்கள் நிலையில் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். ஒன்றை மறக்காதீர்கள்: உங்களுக்கு இந்த அலர்ஜி இருப்பதை ஆய்வகத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் புரதம் ஒட்டியிருந்தாலும் தொந்தரவு வரலாம் என்பதால் அவர்கள் கூடுதல் கவனமாகக் கழுவுவார்கள். வேறு காரணங்களுக்காக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) தேவைப்பட்டாலும் இதே எச்சரிக்கை.

அதுவரை ஆணுறையோடு இருங்கள். அலர்ஜி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்; கருத்தரிக்க முயலும் நேரம், கேட்டுவிட்டுப் போடுங்கள். தொடையில் வந்த தடிப்பு உடம்பெல்லாம் பரவினாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்படி ஒருமுறை ஆனவர்கள் அட்ரினலின் ஊசியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சரி, அவருடைய பத்தியம். உங்களுக்கு ஏற்கெனவே அலர்ஜியுள்ள உணவையோ மருந்தையோ அவர் எடுத்துக்கொண்டு, அது விந்து வழியாக உங்களைத் தொட்டதாக அபூர்வமாகச் சம்பவங்கள் உண்டு. உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டென்றால் அதை மட்டும் அவர் தவிர்க்கட்டும். இல்லையென்றால் இன்று இரவே வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள்.