ஆளில்லாத தலைமை அலுவலகம்

அன்புள்ள ஐயா,

நான் சி.ஏ. படித்துக்கொண்டே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். பன்னாட்டு நிறுவனங்கள் வரி குறைந்த நாடுகளில் லாபத்தைக் காட்டுவதை எல்லோரும் திட்டுகிறார்கள். சட்டம் அனுமதிப்பதைச் செய்வது சாமர்த்தியம்தானே? நாமும் நிறுவன வரியை இன்னும் குறைத்தால் அந்த லாபம் இங்கேயே தங்கிவிடாதா? இரட்டை வரி ஒப்பந்தங்கள் பற்றியும் எழுதுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஒப்பந்தங்களை விடுங்கள், அதற்கு உங்கள் பாடப்புத்தகமே போதும். என்னைத் தைத்தது 'சாமர்த்தியம்' என்ற சொல். சில நாட்களாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததே அந்தச் சொல்லோடுதான்.

அயர்லாந்தில் நிறுவன வரி 12.5 சதவீதமாக இருந்தது. 2019 செப்டம்பரில் நாம் 30லிருந்து 22க்கு இறக்கினோமே, அதைவிட எவ்வளவோ குறைவு. அந்த 12.5ஐயாவது ஆப்பிள் கட்டியதா? பாரிஸில் விற்ற ஐபோனும் பெர்லினில் விற்ற ஐபோனும் அயர்லாந்துத் துணை நிறுவனத்தின் கணக்கில் ஏறின. அங்கிருந்து லாபத்தின் பெரும்பகுதி 'தலைமை அலுவலகம்' என்ற பெயருக்கு எழுதப்பட்டது. அந்தத் தலைமை அலுவலகத்துக்கு நாடு கிடையாது, கட்டடம் கிடையாது, ஓர் ஊழியர்கூடக் கிடையாது. 2011இல் சுமார் 1,600 கோடி யூரோ லாபத்தில் அயர்லாந்தின் வரிக்குள் வந்தது 5 கோடி யூரோ. 2014இல் கட்டிய வரி 0.005 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ! 12.5 சதவீதமே கசந்தவர்களுக்கு நீங்கள் எத்தனை சதவீதம் வைத்தால் இனிக்கும்? குறைத்தால் தங்கிவிடும் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோவை வசூலிக்கும்படி 2016இல் ஆணையம் அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. எங்களுக்கு வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்குப் போட்டது. 2010இல் கடனுக்குக் கையேந்தி நின்ற நாடு அது. அயர்லாந்து தந்த சலுகை சட்டவிரோதமானது, பணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. சட்டம் அனுமதித்தது என்று இனியும் எழுதாதீர்கள்.

இருபத்து நான்கு வயதில் நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மார்ச் கடைசியில் வழவழப்பான லெட்டர்ஹெட்டில் ஒரு தாள் வரும். 'மேலாண்மைச் சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி, எதிரே கோடிகளில் தொகை. என்ன சேவை, செய்தது யார், எத்தனை நாள், எதுவும் இருக்காது. அனுப்பிய சகோதர நிறுவனம் இருந்த தீவை நான் அட்லஸில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அதே வாரம், கேன்டீன் நடத்திய அக்காவின் இட்லி பில்லைத் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் மாடிப்படி ஏறி வந்து, மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, என் பேனாவையே வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தார். தீவிலிருந்து வந்த தாளுக்கு மறுபேச்சில்லாமல் வவுச்சர் எழுதினேன். லாபம் அந்தக் கட்டணமாகத் தீவுக்குப் போய்விட, மூன்று ஷிப்ட் ஓடிய தொழிற்சாலை அந்த ஆண்டு ஏட்டில் நஷ்டம். போனஸ் 8.33 சதவீதத்தோடு நின்றது. அதற்குக் கீழே போகச் சட்டம் விடவில்லை என்பதால் மட்டுமே அதுவும் கிடைத்தது. அந்த வவுச்சரில் இருந்த கையெழுத்து என்னுடையது, தம்பி. அதைச் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் கெட்டிக்காரர், கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உறவில்லாத ஒருவருக்கு இதே வேலைக்கு இதே தொகையைக் கொடுப்பார்களா என்று 2001 முதல் நம் வருமான வரிச் சட்டமே கேட்கிறது. மார்ச்சில் அப்படி ஒரு தாள் வந்தால், வேலையைச் செய்த ஆள் யார், எந்த ஊரில் இருந்து செய்தார் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.