மிராக்கிள் பழச் செடி: கோளாறு தண்ணியிலதான்

சகோ, உங்க மிராக்கிள் பழச் செடியில (புளிப்பை இனிப்பாக் காட்டுற பழம்) இலை நுனி கருகுது, நரம்பு மட்டும் பச்சையா நின்னு இடையில மஞ்சளாகுது, போர் தண்ணிதான் ஊத்துறேன்னு சொல்றீங்க. தயவுசெஞ்சு இன்னும் உரம் போடாதீங்க. தொட்டி விளிம்புல வெள்ளையா உப்புப் பூத்திருக்கான்னு பாருங்க, இருந்தா பெரும்பாலும் போர் தண்ணியில இருக்குற உப்புதான் காரணம், அது மண்ணோட அமிலத்தையும் குறைச்சிடும். மேற்கு ஆப்பிரிக்கச் செடி இது; பி.எச். (மண்ணோட அமில-கார அளவு) 4.5 முதல் 5.8 வரை உள்ள அமில மண்ணுலதான் இரும்புச்சத்தை ஒழுங்கா எடுத்துக்கும். முட்டை ஓடு, சாம்பல் வேண்டவே வேண்டாம், அதுவும் அமிலத்தைக் குறைச்சிடும். நல்லா அலசின தென்னை நார்க்கழிவு, இலைமக்கு, கொஞ்சம் செம்மண் கலந்து மாத்தி வைங்க. மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. கருகின இலை தேறாது, புதுத் துளிரைக் கவனிங்க. விதைக்கன்று காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும், ரெண்டே வருஷத்துல பிடுங்கிடாதீங்க. முதல் பழம் சிவந்ததும் வாயில போட்டு நல்லா சப்பிட்டு எலுமிச்சையைக் கடிங்க, அப்படி இனிக்கும்!