பொதுவில் வைத்திருக்கும் கிராவல் பாதை ஒவ்வொரு மழைக்கும் அரித்துப் போகிறது. நிரந்தரமாக எப்படிச் சரிசெய்வது?

கடலூர் கேப்பர் மலைச் சரிவில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் 12 அடிப் பாதை, ஐப்பசி மழையில் ஆளைத் தள்ளும் அளவுக்கு அரித்துவிடுகிறது, லோடு லோடாகக் கொட்டியும் நிற்கவில்லை, சிமெண்ட் ரோடு போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிமெண்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தண்ணீருக்கு வழி விடாமல் போட்டால் ஓரத்து மண் அரித்து, ஸ்லாப் அடியில் பொந்து விழுந்து, முதல் டிப்பர் ஏறும்போதே உடையும். கிராவல் நிற்காததற்கும் அதே காரணம்தான். அந்தப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கடப்பாரைக்கே இறங்காது, நனைந்தால் மணல் மணலாகக் கரையும். சக்கரத் தடம் இரண்டும் வாய்க்காலாகி, மேலிருந்து கீழ்வரை தண்ணீர் ஒரே ஓட்டமாக வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்தை உடைப்பதுதான் வேலை.

முதலில், நல்ல மழை பெய்யும்போதே குடையோடு பாதை முழுக்க நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் பாதைக்குள் ஏறுகிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். பாதி இடங்களில் அது யாரோ ஒருவர் வீட்டு மாடிக் குழாயாக இருக்கும். 1000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் இறங்கும். எட்டு வீடும் அதைப் பாதையில் விட்டால் எந்தக் கிராவலும் தாங்காது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால், அவரவர் தண்ணீரை அவரவர் மனைக்குள்ளேயே குழியில் இறக்கச் சொல்வதில் தயக்கமே வேண்டாம். பொதுக் காசு செலவில்லாமல் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அடுத்தது சரிவை அளப்பது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணி டியூப் போதும். 100 அடிக்கு 5 அடி இறக்கம் இருந்தால் சுமார் 130 அடிக்கு ஒன்று, 10 அடி இறக்கம் இருந்தால் 80 அடிக்கு ஒன்று என்று பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓர் அகலமான பள்ளமும், அதன் கீழ்ப்பக்கம் ஒரு மேடும் அமையுங்கள். பள்ளமும் மேடும் சேர்ந்து பாதை நெடுக மொத்த நீளம் 25 முதல் 30 அடி, ஆழம் 6 முதல் 9 அங்குலம், தண்ணீர் வெளியேறும் ஓரம் மறு ஓரத்தைவிட 4 அங்குலம் தாழ்வு. கார் அடி தட்டாமல் ஏறி இறங்கும். வேகத்தடை மாதிரி குறுகலாகப் போட்டால் ஒரே மாதத்தில் சக்கரம் தேய்த்துவிடும். தண்ணீர் வெளியேறும் வாயில் 6 முதல் 9 அங்குலக் கருங்கல்லைப் பதித்து அடுக்குங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே பள்ளம் பின்னோக்கி அரித்து ஏறி வரும். தண்ணீர் விழும் நிலத்துக்காரரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். ஊராட்சிக் கால்வாயில் விடுவதானால் அங்கே அனுமதி வாங்குங்கள்.

குழாய் பதிக்கலாமா என்பீர்கள். முந்திரித் தோப்பு ஓரமென்றால் சருகு அடைத்துக்கொள்ளும், அடைத்த இரவே பாதை உடையும். பதித்தே ஆகவேண்டிய இடத்தில் 450 மி.மீ. ஹியூம் பைப்புக்கு (கான்கிரீட் குழாய்) குறையாமல், மேலே ஒரு அடி மண் மூடும்படி பதியுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு எந்தச் சின்னக் குழாயும் ஈடுகொடுக்காது. திறந்த பள்ளத்தில் தண்ணீர் மேலே வழிந்தாவது போய்விடும்.

ஓரக் கால்வாய் ஒரு அடிக்குக் குறையாத ஆழம், அடிப்பகுதி தட்டையாக. கூர்மையாக வெட்டினால் அடி ஆழமாகிக்கொண்டே போகும். சரிவில் 20 அடிக்கு ஒரு கல் தடுப்பு, நடுப்பகுதி ஓரங்களைவிட 6 அங்குலம் தாழ்வாக. சிமெண்ட் பூசாமல் வெறுமனே அடுக்குங்கள். கால்வாய்க் கரையில் வெட்டிவேர் நட்டால் நன்றாகப் பிடிக்கும். நொச்சிக்காட்டுப் பக்கம் நாற்று கிடைக்கும், 4 அங்குல இடைவெளியில் நெருக்கமாக.

இனிதான் கிராவல். அரிப்புப் பள்ளத்தில் அப்படியே கொட்டாதீர்கள். பள்ளத்தின் அடி எவ்வளவோ அதற்கும் கீழே மூன்று நான்கு அங்குலம் பாதை முழுக்கக் கிளறி, பழையதும் புதியதும் கலந்தால்தான் பிடிக்கும். மண்ணை ஈரமாக்கி உருண்டை பிடித்துக் காயவிட்டுப் பாருங்கள். தொட்டதும் பொடிந்தால் பசை இல்லை, செங்கல் மாதிரி இறுகினால் களி அதிகம், மழையில் சேறாகும். களி அதிகமென்றால் 20 மி.மீ. கருங்கல் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலவுங்கள். திருவக்கரைப் பக்கம் கிடைக்கும். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், ஒன்றோடொன்று பிடிக்காது. 4 அங்குலம் இறுகி நிற்க 100 அடிக்கு ஐந்து யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். லோடுக்கு நடைச்சீட்டு (ஏற்றிவர அனுமதிச் சீட்டு) இருக்கிறதா பாருங்கள்.

5 அங்குலமாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாகி ஈரம் சொட்டாத பதத்தில் தண்ணீர் தெளித்து, 8 டன் வைப்ரேட்டர் ரோலர் விடுங்கள். ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது இறுக்கமே இல்லை. நடு, ஓரத்தைவிட மூன்றரை அங்குலம் உயரமாக வர வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் கிளம்புமுன் ஓரத்தில் வரம்பாக விட்டுவைத்த மண்ணைத் தள்ளச் சொல்லுங்கள். அது இருந்தால் நடு எவ்வளவு உயர்ந்தும் தண்ணீர் இறங்காது. நிறைய பாதைகள் கெடுவது இந்த ஒன்றால்தான்.

100 அடிக்கு 12 அடிக்கு மேல் இறங்கும் துண்டு இருந்தால் அங்கே மட்டும் சக்கரத் தடத்துக்கு இரண்டு கான்கிரீட் பட்டை போடலாம்.

வேலையை செப்டம்பருக்குள் முடியுங்கள். வசூலில், கால்வாய்ச் செலவை எட்டாகப் பிரித்து, கிராவலை மட்டும் அவரவர் பயன்படுத்தும் நீளப்படி போடுங்கள். மேலே இருப்பவர் விட்ட தண்ணீருக்குக் கீழே இருப்பவர் ஏன் தர வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நியாயமான கணக்கு இல்லை. முதல் இரண்டு பெருமழைக்குப் பிறகு ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய் வாய்களில் தங்கிய வண்டலை அள்ளுங்கள், பிறகு மாதம் ஒரு முறை போதும்.