மெனு கார்டு இல்லாத விருந்து: எந்த உணவகத்தை நம்பிப் போகலாம்? கேள்வி பதில்

என்ன வேண்டும் என்று நாம் சொல்லாமல், செஃப் தீர்மானித்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிடுவதுதான் டேஸ்டிங் மெனு. இப்படிப்பட்ட உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பெங்களூரு நட்சத்திர ஹோட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் கேட்டரிங் நடத்தும் பெண்மணி.

கிருஷ்ணகிரியிலிருந்து: அக்கா, பத்தாவது கல்யாண நாள் வருகிறது. மனைவியை இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போக ஆசை. கிருஷ்ணகிரி, ஓசூரில் எதுவும் இல்லையா?

நம் ஊர்களில் தேடாதீர்கள் தம்பி. இந்தத் தொழில் நடக்க, முன்பணம் கட்டி, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட தினமும் இருபது பேராவது வேண்டும். நமக்கு நடப்பது நெடுஞ்சாலை வியாபாரம். காரை நிறுத்தியவர் அரை மணியில் கை கழுவிக் கிளம்பிவிடுவார். 'செஃப் ஸ்பெஷல் பிளாட்டர்' என்று போர்டு இருந்தால், தந்தூரிக் கோழியையும் டிக்காவையும் ஒரே தட்டில் அடுக்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் தடவை என்றால் என் ஓட்டு சென்னை கிண்டி, ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கும் அவர்த்தனாவுக்கு. தென்னிந்தியச் சுவைகளை வைத்தே முழு மெனுவும் போகும். சைவம், அசைவம் தனித்தனி. 7 வகையில் ஆரம்பித்து 13 வகை வரை உண்டு. தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்து, காபி இறக்கும் கண்ணாடிக் குடுவையில் வாசனைப் பொருட்களோடு ஊறவிட்டு, மேஜையில் வைத்தே அழுத்தி ஊற்றுவார்கள். நமக்கு ரசம் தெரியும். அதனால் அந்த செஃப் என்ன செய்திருக்கிறார், எங்கே துணிந்திருக்கிறார் என்பது நாக்குக்கு உடனே பிடிபடும். தெரியாத நாட்டுச் சாப்பாட்டில் முதல் அனுபவத்தை வைத்துக்கொண்டால், நன்றாக இருந்ததா புதிதாக இருந்ததா என்றே தெரியாமல் திரும்பி வருவீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி தங்கும் திட்டத்தோடு போங்கள்.

பெங்களூரு என்றால் ஃபார்ம்லோர். பண்ணைக்குள்ளேயே உணவகம், விறகடுப்பு, கொஞ்சம் பேருக்குத்தான் இடம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வழி கேட்டால் பாகலூர் பக்கம் என்பார்கள். அது நம் ஓசூர் பாகலூர் இல்லை! யெலஹங்காவுக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்துப் பாகலூர். எலக்ட்ரானிக் சிட்டியில் நுழைந்து, சில்க் போர்டு தாண்டி, நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்த வழியில் போய், ஏழரை மணிக்கு உட்கார வேண்டிய சாப்பாட்டுக்கு நேரத்துக்குச் சேர்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மதிய வேளை இருக்கிறதா என்று கேட்டு அதைப் பிடியுங்கள்.

ஓசூரிலிருந்து: இணையத்தில் எல்லா இடமும் நான்கரை நட்சத்திரம்தான். போன் பண்ணிப் பேசியே ஒரு இடம் தேறுமா தேறாதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நீங்கள் கேட்பது இருக்கட்டும், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பதோடு போனை வைத்துவிட்டால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை பாதியாகிவிடும். யாருக்காவது அலர்ஜி உண்டா, எதைத் தொடவே மாட்டீர்கள், முன்பு வந்திருக்கிறீர்களா, வந்திருந்தால் எப்போது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். போன தடவை பரிமாறியதையே மறுபடி வைக்கக் கூடாது என்று நினைக்கும் சமையலறைதான் அதைக் கேட்கும்.

அப்புறம் நீங்கள் கேளுங்கள்: "இந்த வாரம் என்ன ஓடுகிறது?" முழுப் பட்டியலையும் ஒப்பித்தாலும் சந்தேகம், "சர்ப்ரைஸ் சார்" என்று சிரித்து மழுப்பினாலும் சந்தேகம். "இப்போது இந்தக் காய் வந்திருக்கிறது, அதை வைத்து இரண்டு செய்கிறோம், மீன் காலையில் வருவதைப் பொறுத்து" என்றால் உள்ளே யாரோ யோசித்துச் சமைக்கிறார்கள். வருஷம் முழுவதும் சால்மன், ட்ரஃபிள், காளான் சூப் என்றால் ஃபிரிட்ஜ்தான் மெனுவைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்று என் சொந்தக் குறும்பு. மீன் வேண்டாம், காளான் வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம், பால் வேண்டாம் என்று அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் "ஓகே மேடம்" வந்தால், அந்த இடத்திலெல்லாம் பன்னீர் வந்து உட்காரும். "இவ்வளவையும் எடுத்துவிட்டால் எங்கள் மெனுவில் பாதி போய்விடும், உங்களுக்கு இது சரிப்பட்டு வராது" என்று சொல்லத் துணியும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு புக் பண்ணுங்கள். (அந்தப் பட்டியல் விளையாட்டுக்கு என்று உடனே சொல்லிவிடுங்கள், பாவம்.)

அன்று செஃப் சமையலறையில் இருப்பாரா என்றும் கேளுங்கள். பேர் ஒருத்தருடையது, கை வேறொருத்தருடையது என்பது சகஜம். கை தேர்ந்ததாக இருந்தால் குற்றமில்லை, ஆனால் அவர் பேருக்காகவே நீங்கள் காசு கொடுப்பதாக இருந்தால் தெரிந்துகொள்வது நல்லது.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். "கொஞ்சூண்டு வைக்கிறார்கள்" என்ற புகாரைத் தள்ளிவிடலாம். "இரண்டு ஐட்டத்துக்கு நடுவே முக்கால் மணி நேரம்", "போன வருஷம் சாப்பிட்டதே இப்பவும்" என்றால் நம்புங்கள்.

பர்கூரிலிருந்து: 7 வகையா, 12 வகையா? அதிகம் இருந்தால்தானே லாபம்?

ஏழு. எண்ணிக்கை கூடினால் ரொட்டியும் வெண்ணெயும் ஒரு வகை, ஒரு வாய் சர்பத் ஒரு வகை என்று கணக்கில் சேர்ந்துவிடும். வயிறு எப்படியும் நிறையும்.

பாலக்கோட்டிலிருந்து: அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. "சைவ மெனு உண்டு" என்கிறார்கள். அது போதுமா?

போதாது. சில நாள் முன்னதாகவே எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, அனுப்பிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அடிப்படைச் சாறு, சாஸ் எல்லாம் காலையிலேயே தயாராகியிருக்கும், மாற்ற வழியில்லை.

'சைவம்' என்று மட்டும் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பானிய சூப்புக்கு அடிப்படையாகிற தாஷியில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும். உண்மையான பார்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைப்பது. மூஸ், ஜெல்லி வகைகளில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். வெஸ்ட்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன். இதையெல்லாம் கேட்டதும் போனில் இருப்பவர் "ஒரு நிமிஷம், கிச்சனில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் நல்ல சகுனம்.

உங்கள் கோதுமை விஷயத்தில், தென்னிந்திய மெனு என்றால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில் எல்லாம் அது நுழைந்துவிடும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மனைவி ஆறு மாதம். ஜப்பான்காரர்கள் மாதிரி கவுண்டரில் உட்கார்ந்து சுஷி சாப்பிடும் ஒமாகசேக்குப் போகலாம் என்கிறாள்.

குழந்தை பிறந்த பிறகு போங்கள். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தால் புழுக்கள் சாகும், ஆனால் கிருமிகளுக்கு அது மருந்தில்லை. கர்ப்ப காலத்தில் லிஸ்டீரியா மாதிரிக் கிருமி விளையாட்டில்லை. பெரிய சூரை, தளபத்து, சுறா போன்றவற்றில் பாதரசமும் கூடுதல். எல்லாவற்றையும் வேகவைத்துத் தரச் சொல்லலாம்தான், ஆனால் அந்த செஃப்பின் முழுத் திறமையும் பச்சை மீனில் இருக்கிறது. அதை வேகவைக்கச் சொல்லிச் சாப்பிட அவ்வளவு காசு எதற்கு?

தருமபுரியிலிருந்து: மெனு விலை ஒன்று சொல்கிறார்கள், பில் வேறு மாதிரி வருகிறது. என்னென்ன சேரும்?

உதாரணத்துக்கு ஆளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 10,000. தனி உணவகமாக இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 500 ரூபாய். ஒரு நாள் அறை வாடகை 7,500-க்கு மேல் வாங்கும் ஹோட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம், 1,800. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பேசியும் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தால் அவன் கையில் நேரடியாகக் கொடுங்கள். தண்ணீரையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டு அதற்கும் விலை போடுவார்கள்.

அரூரிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். அழைத்துப்போகலாமா?

போகலாம். ஆனால் வழக்கம்போல உட்கார்ந்ததும் ஊசி போட்டுவிட வேண்டாம். முதலில் வருவது ஒரு வாய், இரண்டு வாய்தான். வயிற்றுக்கு உருப்படியாக எதுவும் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். முதல் வேளையான ஏழு மணிக்கே புக் பண்ணி, உணவகத்திலும் சொல்லிவையுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: ஒவ்வொரு தட்டுக்கும் ஒயின் ஊற்றுகிறார்களாமே. கார் நான்தான் ஓட்ட வேண்டும்.

அப்படியானால் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை, முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. நல்ல இடங்களில் மது இல்லாத பேரிங் (ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமான பானம்) என்று சர்பத், கொம்புச்சா என்கிற புளிக்கவைத்த டீ, மற்ற டீ வகைகளை வைத்தே ஒரு வரிசை தருவார்கள். சில செஃப்களுடைய மூளை அதில்தான் தெரியும்.

பென்னாகரத்திலிருந்து: கோபித்துக்கொள்ளாதீங்க அக்கா. ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் ஆற்றோரத்தில் ஒரு அம்மா அவர் இஷ்டத்துக்கு மசாலா போட்டு வறுத்து, குழம்பும் வைத்துக் கொடுக்கிறார். இதுவும் செஃப் சாய்ஸ்தானே? ஒரு ஸ்பூன் சாப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் எதற்கு?

கோபம் எதற்கு, நீங்கள் சொல்வது சரி. அந்த அம்மாவிடம் "காரம் கம்மியா" என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தத் திமிர் எந்த செஃப்புக்கும் வேண்டும்.

வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. ஒரு மீனை ருசியாக வறுப்பது ஒரு வேலை. பத்து வகையை, முன்னது பின்னதன் ருசியை அடிக்காமல் நிறுத்துவது வேறு வேலை. கொள்ளுக் கடைசலை மிளகாய் தூக்கலாக முதலில் வைத்துவிட்டால் அடுத்த மூன்று தட்டும் நாக்கில் ஏறாது. காரம், புளிப்பு, எண்ணெய், சூடு எல்லாவற்றையும் அளந்து ஏற்றி இறக்க வேண்டும்.

காசு போவது கைகளுக்கு. நம் வீட்டுப் பிதுக்குப் பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் அவரைக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், பருப்பு வழுக்கித் தெறித்துக் கிண்ணத்தில் விழும், தோல் விரலிலேயே நிற்கும். ஒரு குண்டான் குழம்புக்கு வீட்டுப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பிதுக்க வேண்டும், நகக்கண் எல்லாம் பச்சை வாடை. வீட்டில் அந்தக் கூலியை யாரும் கணக்குப் பண்ணுவதில்லை. இதே குழம்பை ஒரு கரண்டி பெங்களூரில் வெள்ளைத் தட்டில் வைக்கும்போது அந்தக் கூலிதான் விலையாக நிற்கிறது.

ஆனால் மனசு ஒப்பாவிட்டால் போகாதீர்கள். அந்தக் காசுக்கு வீட்டோடு ஒகேனக்கல் போய் வரலாம், பரிசலும் சேர்த்து.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: என்ன உடுத்துவது? கையால் சாப்பிடலாமா?

வேட்டி சட்டை, சேலை, எது வேண்டுமானாலும். நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆண்கள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் தவிர்த்துவிடுங்கள். சின்னக் கவுண்டரில் உட்காருவதாக இருந்தால் சென்ட் அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டு வாசனையைக் கெடுக்கும். மல்லிகைப் பூவும் அன்றைக்கு ஒரு கிள்ளு போதும். கையால் தாராளமாகச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாஷ்பேசின் மட்டும் எங்கே என்று உட்காரும் முன்பே பார்த்துவையுங்கள். பெரும்பாலும் டாய்லெட் பக்கம்தான் இருக்கும், நடுவில் எழுந்து போனால் அடுத்த தட்டு ஆறிப்போகும்.