கைதிகளைக் கப்பலில் அடைத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?

போர்க் கைதி என்றால் கூடாது. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, போர்க் கைதிகளைத் தரையில் உள்ள சுகாதாரமான இடங்களில்தான் வைக்க வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்கு அவ்வளவு வெளிப்படையான தடை கிடையாது. எனக்கு ஆற்றாமையே அங்கேதான்.

அப்படியொரு விதி ஏன் தேவை என்று கேட்டால், அமெரிக்க விடுதலைப் போரைப் பாருங்கள். பிடிபட்டவர்களை பிரிட்டிஷார் புரூக்ளின் கரையை ஒட்டி நிறுத்தியிருந்த பழைய கப்பல்களில் அடைத்தார்கள். ஜெர்சி என்ற கப்பல்தான் அவற்றில் மிகவும் கொடியது. இரவானால் எல்லோரையும் கீழ்த்தளத்துக்கு இறக்கி மேலே பூட்டிவிடுவார்கள். காற்று கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. அம்மையும் வயிற்றுப்போக்கும் பசியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. அந்தக் கப்பல்களில் மாண்டவர்கள் சுமார் 11,500 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. போர்க்களத்தில் விழுந்த அமெரிக்கர்களைவிட இது அதிகம்.

அதே போரால் பிரிட்டன் தன் குற்றவாளிகளை அமெரிக்காவுக்கு நாடு கடத்த முடியாமல் போனது. அதற்காக 1776-இல் ஒரு சட்டம் போட்டு, தேம்ஸ் நதியில் கப்பல்களை நிறுத்தி, அந்தக் குற்றவாளிகளை அவற்றில் அடைத்து, ஆற்றைத் தூர்வார வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அது முடிவுக்கு வந்தது 1857-இல்! தற்காலிகம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 81 ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

பிறகும் நின்றுவிடவில்லை. 1971-இல் வட அயர்லாந்தில் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டவர்களை பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் மெய்ட்ஸ்டோன் கப்பலில் வைத்தார்கள். 2011-இல் சோமாலியர் ஒருவரை அமெரிக்கா இரண்டு மாதத்துக்கு மேல் கடற்படைக் கப்பலில் வைத்து விசாரித்த பிறகே நியூயார்க் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. இத்தகையவர்கள் போர்க் கைதிகள் அல்லர் என்பது அமெரிக்காவின் வாதம். ஆகவே 22-ஆம் பிரிவு அவர்களுக்கு உதவாது.

அதற்காக நடுக்கடல் சட்டமில்லாத இடமாகிவிடாது. போதைப்பொருள் கடத்துவதாகச் சந்தேகித்து பிரான்ஸ் 2002-இல் ஒரு சரக்குக் கப்பலை மடக்கி, மாலுமிகளை 13 நாள் அதிலேயே காவலில் வைத்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அந்தக் காவலுக்குத் தெளிவான சட்ட அடிப்படை இல்லை, தனிமனிதச் சுதந்திரம் மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. கரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும், பிடித்துவைத்த அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.